மழைக்குத் திறக்கும் ஜன்னல்

நான் பிளைவுட் ஆலையில் தர ஆய்வாளர். பதவியின் பெயரைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க வேண்டாம். கட்டையை வேகவைத்து, இயந்திரத்தில் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல் மெல்லிய தாள்களாக உரிப்பார்கள். அந்தத் தாள்கள் உலர்த்தும் அறைக்குள் ஈரமாகப் போய், மறுபக்கம் உலர்ந்து வெளியே வரும். அந்த மறுபக்கத்தில் நான் நிற்பேன். ஒவ்வொரு தாளையும் மேசைமேல் படுக்கப்போட்டு, ஓரம் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தால் 'தள்ளுபடி' என்று சிவப்பு முத்திரை குத்துவேன். குத்திய தாள் கொதிகலன் அடுப்புக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். மரம் ஏன் வளைகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வளைந்தது குற்றம், குத்தினேன், அடுத்தது.

ஆலையில் எனக்குப் பெயரே தள்ளுபடிதான். அது ஆலையோடு நின்றிருக்கலாம். என் மனைவி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே லாண்டரி வைத்திருக்கிறாள். எங்கள் ஆலைக்காரர் ஒருவர் சட்டை கொடுக்க வந்த இடத்தில், "தள்ளுபடி இல்லீங்களா?" என்று என்னை விசாரித்துவிட்டுப் போனார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் எத்தனை சதவீதம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று முதல் கடை நேரத்தில் நான் முன்பக்கம் வரக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள்.

போன கோடையின் தொடக்கத்தில் ஒரு பெண் ஆலைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை. மரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். வளைந்துபோன தாள்கள் வேண்டும், அதுவும் மிக மோசமாக வளைந்தவை வேண்டும் என்றார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் குறைகளைப் படம்பிடித்து எங்காவது காட்டிக்கொடுப்பதற்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மேலாளர் கொடுக்கச் சொல்லிவிட்டார். முத்திரை குத்திய குவியலிலிருந்து அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதத்தைப் பார்த்தால், பட்டுத் துணி வாங்க வந்தவர் மாதிரி இருந்தது.

"இதை வச்சு என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

அவர் பையிலிருந்து கையகலத் துண்டு ஒன்றை எடுத்தார். மெல்லிய மரத்தாள். ஒரு பக்கம் கண்ணாடிபோல் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. என் தேநீர்க் கோப்பைக்கு மேல் அதைப் பிடித்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு தூங்கி எழுகிறவனைப்போல அந்தத் துண்டு மெதுவாகத் தலையைத் தூக்கியது. கோப்பையை விட்டு விலக்கிக் காற்றில் ஆட்டியதும் மறுபடி படுத்துக்கொண்டது.

"மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது சார். காத்துல ஈரம் ஏறினா மரம் அகலமாகுது. ஒட்டின பிளாஸ்டிக் ஆகாது. ரெண்டும் மல்லுக்கட்டி வளையுது. ஈரம் போனா நேராகுது. நீங்க குறைன்னு தள்ளுறதுதான் எனக்கு வேலை செய்யுற கை."

இருபத்திரண்டு வருஷம் என் மேசைமேல் இத்தனை தாள்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்திருக்கின்றன. நான் ஒவ்வொன்றின் நெற்றியிலும் குத்தி அடுப்புக்கு அனுப்பியிருக்கிறேன். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"இதெல்லாம் எங்களுக்கு எப்பவோ தெரியும் மேடம்."

அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். உங்களைப் போன்றவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று சொல்லி, கைப்பேசி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி லாண்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் துணி வாங்கும் மேசை, பின்னால் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் இஸ்திரி அறை. அந்த அறையில் மூன்று நீராவி இஸ்திரிப் பெட்டிகள். காலை பத்து மணிக்கெல்லாம் உள்ளே இருப்பவர்கள் வேகவைத்த கிழங்கு மாதிரி ஆகிவிடுவார்கள். மேசைகளுக்கு மேலே சுவரில் நீளமாக ஒரு திறப்பு உண்டு. அதில் முன்பு காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இருந்தது. துணிப் பஞ்சு போய் அடைத்து இரண்டு முறை எரிந்துபோனது. தகரக் கூரை வேலை செய்யும் என் மச்சான் இதைவிடப் பெரிய ஃபேன் மாட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியின் அண்ணன் அவர். உலகத்தில் உள்ள எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் இரண்டே தீர்வுகள்: தகரம், இல்லாவிட்டால் பெரிய ஃபேன்.

அன்று மாலை மனைவி படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முனைகளை என் கையில் கொடுத்தாள். மடித்தபடியே விஷயத்தைச் சொன்னேன். அந்தத் திறப்பில் மெல்லிய மர மடல்களை வரிசையாக மாட்டப் போகிறேன், நீராவி ஏறினால் அவை தானாகத் திறக்கும், ஆவி போனதும் தானாக மூடிக்கொள்ளும், பஞ்சு அடைக்காது, சத்தம் வராது, எரியாது.

"யாரு சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல. நானே யோசிச்சேன்."

"நீங்களேவா?"

அந்த 'ஏ'யில் இருந்தது ஆச்சரியம். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷ இல்லறத்தில் காது எப்படிப் பழகிப் போயிருக்கிறது பாருங்கள்.

ஆலையிலிருந்து கழிவுத் தாள்களைக் கேட்டு வாங்கி வந்தேன். அகலம் ஒரு சாண், நீளம் ஒரு முழம். மொத்தம் நாற்பது மடல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பிளாஸ்டிக் தாளைப் பசையிட்டு ஒட்டி, பாரம் வைத்து அழுத்தி, மேல்விளிம்பை மட்டும் சட்டத்தில் ஆணியடித்தேன். கீழ்விளிம்பு சும்மா தொங்கும். ஆவி ஏறினால் அது வெளிப்பக்கமாக வளைந்து எழ வேண்டும். திங்கட்கிழமை ஆலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, காலையில் எல்லாரையும் நிற்க வைத்து அரை மணி நேரம் விளக்கினேன். பிறகு இஸ்திரிப் பெட்டிகளைப் போடச் சொன்னேன்.

ஆவி எழுந்தது. மடல்கள் அசைந்தன. அசைந்து, சட்டத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டன. முன்பு அங்கங்கே இருந்த இடுக்குகளும் அடைபட்டன. அந்தத் திறப்பு இவ்வளவு கச்சிதமாக ஒரு நாளும் மூடியதில்லை. அறைக்குள் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை.

மூத்த இஸ்திரிக்காரம்மாவை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இது திறக்குறதுக்கா, நம்மளைத் தம் போடுறதுக்கா?" என்று கேட்டார்.

கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பொறுத்தார்கள். மதியம் பெட்டிகளை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். அறை காய்ந்தது. திரும்பி வந்து பார்த்தால் நாற்பது மடல்களும் ஆவென்று திறந்து கிடக்கின்றன. ஆள் இல்லாத அறைக்குத் தாராளமாகக் காற்று. பெட்டிகளைப் போட்டதும் மறுபடி இறுக்கிக்கொண்டன. மரம் உள்பக்கம் இருக்க வேண்டியது வெளிப்பக்கமும், பிளாஸ்டிக் வெளிப்பக்கம் இருக்க வேண்டியது உள்பக்கமுமாக நாற்பதையும் தலைகீழாக மாட்டியிருந்தேன். ஒன்றிரண்டு தப்பாகப் போனால் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். நாற்பதும் தப்பு.

மச்சான் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "பரவாயில்ல மாப்பிள்ளை, வேண்டாதப்ப நல்லா திறக்குது" என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்த வாரம் புது மடல்கள். இந்த முறை மரம் உள்பக்கம். அதோடு அழகாகவும் இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மர இழைகள் மேலிருந்து கீழாக ஓடினால் மழைக்கோடு மாதிரி இருக்கும் என்று எல்லாவற்றையும் அப்படியே வெட்டினேன். ஆவி ஏறியதும் நாற்பது மடல்களும் திறப்பதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சுருண்டு குழாய்களாகிவிட்டன. சட்டத்தில் நாற்பது புல்லாங்குழல்கள் தொங்கின. இடுக்குகளில் கொஞ்சம் ஆவி வெளியே போனது. அதைச் சுட்டிக்காட்டி வெற்றி என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் தலையாட்டவில்லை.

இப்போது எனக்கு முன்னால் ஒரே வழிதான் இருந்தது. ஆராய்ச்சிப் பெண்ணின் எண் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் 'எங்களுக்கு எப்பவோ தெரியும்' என்று சொன்ன வாய் எப்படிக் கேட்கும்? லாண்டரிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். என் நண்பர் ஒருவர் இந்த மாதிரி மடல் செய்து பார்க்கிறார், அது குழாய் மாதிரி சுருண்டுகொள்கிறதாம், ஏன் என்று கேட்டேன்.

"உங்க நண்பர் மரத்துல வேலை செய்யுறவரா?"

எதிரே பால் வண்டி நின்றிருந்தது. "இல்லைங்க, அவர் பால் வியாபாரி" என்றேன்.

அவருக்கு ஒரே மகிழ்ச்சி. பால் வியாபாரி ஒருவருக்கு இதில் ஆர்வம் வந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றார். பிறகு நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். மரம் இழை ஓடும் திசையில் நீளாது, இழைக்குக் குறுக்கேதான் அகலமாகும். ஆகவே இழைகள் படுக்கைவாட்டில், ஆணியடித்த விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். அப்போதுதான் மடல் கீழிருந்து மேலே எழும்பும்.

"பால் வியாபாரம் பண்றவருக்கு இது தெரியாம இருக்கறதுல ஒண்ணும் தப்பில்ல சார். மரத்துலயே இருக்கறவங்களுக்குத்தான் இது கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல வரும். இல்லையா?"

"ஆமாங்க" என்றேன். நான் தினமும் ஆயிரம் தாள்களின் இழையைப் பார்க்கிறவன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை கூப்பிட்டேன். எவ்வளவு மெல்லிய தாள், எந்தப் பசை என்றெல்லாம் பால் வியாபாரியின் சார்பில் கேட்டுக்கொண்டேன். இடையில் அவருடைய குடும்பத்தைப் பற்றியும் ஆராய்ச்சிப் பெண் விசாரித்தார். இரண்டு பெண் குழந்தைகள் என்று சொன்னதாக ஞாபகம்.

மூன்றாவது முறை மாட்டியபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் சீறின, அறை வெளுத்தது. நான் ஏணிமேல் நின்றபடி நாற்பது மடல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் கழித்து ஓரத்தில் ஒன்று அசைந்தது. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. பிறகு வரிசை முழுவதும், ஒன்றன்பின் ஒன்றாக, கீழுதடு பிரிவதுபோல் வெளியே வளைந்து எழுந்தது. வெளிச்சம் பட்டை பட்டையாக உள்ளே விழுந்தது. அந்தப் பட்டைகளில் ஆவி சுருண்டு ஏறி வெளியே போவது கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். மனைவி முன்பக்கத்திலிருந்து வந்து கதவோரம் நின்றாள். அவளுடைய கை தானாக என் ஏணியைப் பிடித்துக்கொண்டது. என் வாழ்க்கையில் நான் செய்து பார்த்தவற்றில் முதல் முறையாக ஒன்று நடந்தது. அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் நான் இன்றைக்கும் கிண்டல் செய்ய மாட்டேன்.

ஆறாவது நிமிஷத்திலிருந்து செய்யலாம். அன்று முதல் என்னைப் பிடிக்க ஆளில்லை. கடை நேரத்தில் முன்பக்கம் வரலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. சட்டை வாங்க வந்தவர்களை இஸ்திரி அறைக்குள் கூட்டிப்போய் விளக்குவேன். மரம் என்பது மூச்சு விடும் ஜீவன் என்று ஆரம்பிப்பேன். அவசரமாகப் போக வேண்டியவர்கள் என்னைக் கண்டால் துணியை அக்காவிடம் பின்வாசல் வழியாக வாங்கிக்கொண்டு போனார்கள். மனைவி எல்லாரிடமும், "எங்க வீட்டுக்காரர் அவரே யோசிச்சுப் பண்ணது" என்று சொல்வாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் அண்ணாந்து மடல்களை எண்ணத் தொடங்குவேன். ஒவ்வொரு முறையும் சரியாக நாற்பது இருந்தன.

வணிகர் சங்க மாத இதழிலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். 'காற்றைப் படிக்கும் மரம்: லாண்டரி உரிமையாளரின் கணவர் சாதனை' என்று அரைப் பக்கம் வந்தது. உரிமையாளரின் கணவர் என்று போட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். இருந்தாலும் பதினைந்து பிரதிகள் வாங்கினேன்.

மீதிக் கோடை முழுக்க மடல்கள் ஒரு நாளைக்கு ஆறேழு முறை திறந்து மூடின. ஒரு மடல்கூட மக்கர் பண்ணவில்லை. பிறகு கோடை முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை மருத்துவமனையிலிருந்து அறுபது வெள்ளை கோட்டுகள் வந்திருந்தன. காலை முழுவதும் இஸ்திரி போட்டு, திறப்புக்குக் கீழே உள்ள நீளக் கம்பியில் வரிசையாக மாட்டிவிட்டு, பெட்டிகளை அணைத்துவிட்டு முன்பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மழை வந்தது. முதல் மழை, காற்றோடு சேர்ந்து நன்றாகவே அடித்தது. கதவைச் சாத்திவிட்டு, வெக்கை தணிந்தது என்று பேசிக்கொண்டோம். உள்ளே போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மழை என்றால் என்ன? ஈரம். ஈரம் வந்தால் என் மடல்கள் என்ன செய்யும்? இதைக் கேட்க விஞ்ஞானி தேவையில்லை. மழை வந்தால் மூடுகிற ஜன்னலைத்தான் உலகத்தில் எல்லாரும் கேட்பார்கள். மூன்று மாதம் பாடுபட்டு, பத்திரிகையில் படமும் போட்டுக்கொண்டு, நான் மழை வந்தால் திறக்கிற ஜன்னல் செய்திருந்தேன்.

நாங்கள் உள்ளே போனபோது நாற்பது மடல்களும் இதுவரை திறக்காத அளவுக்குத் திறந்திருந்தன. சாரல் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அது வெறும் தண்ணீராக வந்திருந்தாலும் பரவாயில்லை. மரத்தில் ஊறி, அதன் சாயத்தைக் கரைத்துக்கொண்டு, கடுந்தேநீர் நிறத்தில் ஒவ்வொரு வெள்ளை கோட்டின் தோளிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

மனைவி கோட்டுகளைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். "நல்லா திறந்திருக்கு" என்றாள்.

அறுபதையும் கழற்றி ஊறப்போட்டாள். திங்கட்கிழமை காலையில் மருத்துவமனைக்கு வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அக்கா யாரும் கேட்காமலே வருவதாகச் சொன்னார். நான் திறப்பின்மேல் சாக்குத்துணியை ஆணியடித்து மூடினேன். இவ்வளவு சுலபமாக மூட முடிகிற திறப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை மூவரும் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது முன்கதவை யாரோ தட்டினார்கள். ஆராய்ச்சிப் பெண். கையில் வணிகர் சங்க இதழ். முகம் சரியாக இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. சோப்பு நுரைக் கையோடு எழுந்து நின்றேன்.

அவர் மனைவியைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதைப் படிச்சேன் சார். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. உங்களை நான் பெரிய மனுஷர்னு நினைச்சேன். அந்தப் பால் வியாபாரி எங்க?"

மனைவி கேட்டாள்: "எந்தப் பால் வியாபாரி?"

"இதையெல்லாம் உண்மையில செஞ்சவர். பாவம், மூணு மாசமா ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டுப் பண்ணியிருக்காரு. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க வேற. அவர் பேரு ஒரு இடத்துலயும் இல்ல. உங்க வீட்டுக்காரர் தன் பேரைப் போட்டுக்கிட்டாரு."

என் முகத்தில் ஈயாடவில்லை. திருடன் என்று நினைத்து வந்திருக்கிறார், அது சரிதான். ஆனால் தப்பான ஆளிடமிருந்து திருடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லாத பால் வியாபாரியிடமிருந்து நான் திருடவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், எதிரே நிற்கும் இவரிடமிருந்து திருடினேன் என்று சொல்லியாக வேண்டும். வேறு பொய் ஏதாவது கிடைக்குமா என்று ஒரு கணம் தேடினேன். பால் வியாபாரி ஊரை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லலாம். செத்துப்போய்விட்டார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த இரண்டு பெண் குழந்தைகளை என்ன செய்வது?

"பால் வியாபாரின்னு யாரும் இல்லைங்க" என்றேன். "நான்தான் அவரு. நீங்க ஆலையில அந்தத் துண்டைக் காட்டுற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது. எப்பவோ தெரியும்னு சொன்னது பொய். யோசனை உங்களோடது. திருத்தம் எல்லாம் உங்களோடது. தலைகீழா மாட்டுனது மட்டும்தான் என்னோடது."

அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, "உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்" என்றேன்.

அக்காதான் முதலில் பேசினார். "அந்தப் பால்காரராவது நல்ல மனுஷனா இருப்பாருன்னு நினைச்சேன்" என்றார்.

மனைவி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நனைந்த கோட்டு ஒன்றை முகத்தில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அது கோபம் போனதற்கு அடையாளம் இல்லை. கோபம் இரண்டு வாரம் தனியாக, குறையில்லாமல் நடந்தது. ஆராய்ச்சிப் பெண்தான் சிரிக்கவில்லை.

"நீங்க நேராவே கேட்டிருக்கலாமே சார்" என்றார். "முன்ன பின்ன தெரியாத ஒருத்தருக்கே அவ்வளவும் சொன்னேனே. உங்களுக்குச் சொல்ல மாட்டேனா?"

தரையில் வழிந்த சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

பிறகு அவருடைய கண் சாக்குத்துணி மேல் போனது. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்றார். ஏணியில் ஏறி, துணியை விலக்கி, ஒவ்வொரு மடலாகத் தடவிப் பார்த்தார். எத்தனை நாளாக ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டார். சொன்னேன். அவர் இறங்கி வந்தபோது முகமே மாறியிருந்தது. அவருடைய மடல்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள், கணக்கான ஈரத்தில் அசைபவையாம். இப்படிப் பஞ்சும் வெக்கையும் உள்ள நிஜமான அறையில் முந்நூறு முறைக்கு மேல் திறந்து மூடிய மடல்களை அவர் பார்த்ததே இல்லையாம். மழைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதுதான் தங்களுக்கும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, நிறையப் பேர் நிறைய யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, முழுக்கையை மடித்துக்கொண்டு, ஒரு கோட்டை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார். மரக்கறைக்கு எலுமிச்சை உப்பு நல்லது என்று அவர்தான் சொன்னார். அன்று மாலைக்குள் ஐம்பத்தொன்பது கோட்டுகள் தேறிவிட்டன. ஒன்று தேறவில்லை. அதில் கறை போய்விட்டது. நான் இஸ்திரி போடுகிறேன் என்று வாங்கிக் காலரைக் கருக்கிவிட்டேன்.

மழைக்கான தீர்வு செவ்வாய்க்கிழமை வந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்ட மச்சான் தோளில் ஒரு தகரத்தோடு வந்தார். திறப்புக்கு மேலே, வெளிச்சுவரில், சரிவாக ஒரு தாழ்வாரம் மாதிரி அடித்தார். இருபது நிமிஷ வேலை. மடல்கள் மழைக்குத் திறந்தால் திறக்கட்டும், தண்ணீர் உள்ளே வராது, ஆவி வெளியே போகும். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் வந்தேன் மாப்பிள்ளை" என்றார். "நீங்க மரம் மூச்சு விடுதுன்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. குறுக்க பேச மனசு வரல."

வணிகர் சங்க இதழுக்கு நான்கு பக்கம் மறுப்புக் கடிதம் எழுதினேன். ஆராய்ச்சிப் பெண்ணின் பெயர், அவர் ஆலைக்கு வந்த நாள், பால் வியாபாரி எப்படி வந்தார், எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். இடப் பற்றாக்குறையால் சுருக்கிவிட்டார்கள். 'சென்ற மாதம் வெளியான செய்தியில் குறிப்பிட்ட மர ஜன்னலை உருவாக்கியவர் பால் வியாபாரி அல்லர் என்று தெரிவிக்கப்படுகிறது' என்று ஒரே வரி வந்தது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தன்மேல் யாருக்கு என்ன விரோதம் என்று கேட்டு வந்தார். அவரை உட்கார வைத்து விளக்க ஒரு மணி நேரம் ஆனது. போகும்போது அவர் மடல்களை ஒரு முறை பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, தான் செய்ததாகவே இருந்திருக்கலாம் என்றார். ஆராய்ச்சிப் பெண்ணிடம் அந்த வரியைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார்.

இப்போது அவர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகு வருகிறார். ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்றை அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். மடல்களுக்குச் சுண்ணக்கட்டியால் ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்டிருக்கிறேன். எது எவ்வளவு நேரத்தில் எழுகிறது, எவ்வளவு மிச்ச வளைவோடு படுக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். அக்காவும் பார்க்கிறார். அவர் கண்ணுக்குத் தப்புவது என் கண்ணுக்குத் தப்புவதைவிடக் குறைவு. பதினேழாம் எண் சோம்பேறி என்று அவர் சொன்ன ஒரு வாரம் கழித்துத்தான் அது எனக்குப் புலப்பட்டது.

அறைக்குப் பழையபடி வெக்கை இல்லை என்பது உண்மை. ஆனால் மடல்கள் களைக்க ஆரம்பித்துவிட்டன. பதினொன்று இப்போது முழுசாக மூடுவதில்லை. ஆவி போன பிறகும் அரை விரல் தூக்கிக்கொண்டே நிற்கின்றன. இரண்டில் பசை விட்டுக்கொண்டு வருகிறது. ஆராய்ச்சிப் பெண் இதைக் கேட்டு வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவரோ எது முதலில் களைத்தது, எந்தப் பக்கம் என்று ஆர்வமாக எழுதிக்கொண்டார்.

நேற்று கடை சாத்தும் நேரத்தில் மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பதினொண்ணையும் கழட்டிட்டுப் புதுசு மாட்டிடலாமா, இல்ல கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

வாய் திறந்துவிட்டது. மரம் என்பது என்று ஆரம்பிக்க இருந்தது.

"எனக்குத் தெரியல" என்றேன். "அவங்க வெள்ளிக்கிழமை வருவாங்க, கேட்டுச் சொல்றேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பக்கத்தில் வந்து நெற்றியில் புறங்கையை வைத்து, காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டிய மூட்டையைத் தூக்கி என் தோளில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.